ஆமை குடியிருந்த மூலை

அட்டைப்பட ஓவியர்களில் இரண்டு வகை உண்டு. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் தன்னுடைய படத்தையே வரைகிறவர்கள் ஒரு வகை. எந்தப் படத்தை வரைந்தாலும் அது புத்தகத்தின் படமாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பெயர் கிடைக்கும். இரண்டாவது வகைக்கு வேலை கிடைக்கும். இவளுக்கு இருபத்தாறு வருடமாக வேலைக்குக் குறைவில்லை.

துப்பறியும் நாவலா, கத்தியால் கீறியது போல் கறுப்புக் கோடுகள். தோட்டக்கலையா, ஈரம் காயாத மாதிரி நீர்வண்ணம். குழந்தைகள் பாட்டா, வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிவிடுவாள். தன்னம்பிக்கை நூல் என்றால் சூரியன். சூரியனை அவளுக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அவள் மேசையில் மாதத்துக்கு ஒன்று உதித்தது. ஓவியக் கல்லூரியில் கூடப் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கதம்பம். அது பாராட்டா கிண்டலா என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

படுக்கையறைதான் பட்டறை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசைதான் நுழையும். அதையும் ஒரே விதமாகத்தான் போட முடியும். அப்படிப் போட்டால் ஜன்னல் இடப்பக்கம் வந்துவிடும். கதம்பமோ இடது கைக்காரி. வலப்பக்கம் ஒரு விளக்கு மாட்டித் தரச் சொல்லிக் கணவரிடம் கேட்டு இருபது வருடம் ஆகிறது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதருக்கு வீட்டில் ஓர் ஆணி அடிக்க நேரம் வாய்க்கவில்லை. கேட்டால் "இந்த வாரம்" என்பார். அந்த வாரம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

நாற்பத்தொன்பது முடியும்போது அவளுக்கு இரண்டு விஷயங்கள் உறுதியாகத் தெரிந்தன. ஒன்று, மணிக்கட்டு இனி அதிக நாள் தாங்காது. பட்டை போட்டுக்கொண்டுதான் தூரிகை பிடிக்கிறாள். இரண்டு, இத்தனை அட்டைகளுக்கும் அவள் பெயர் இருப்பது உள்ளே நான்காம் பக்கத்தில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குக் கீழே, எறும்பு எழுத்தில். கை ஓய்வதற்குள் ஒரே ஒரு சுவரிலாவது தன் பெயரைப் போட்டுத் தன் படங்கள் தொங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசைப்படவே அவளுக்குச் சற்று அலுப்பாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் படக்கூடம் இருந்தது. அதன் மேலாளர், முப்பது வயது தாண்டாதவர், ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் தனக்கென்று வரைந்து வைத்திருந்த படங்களைப் பார்த்தார்.

"இது யாரோடது மேடம்?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் என்னோடதுதான்."

"அப்ப இந்தக் காகித வேல?"

"தம்பி, இந்த வீட்ல வரையறது நான் ஒருத்திதான். அவர் லிஃப்ட்ட மட்டும்தான் தொடுவார்."

மேலாளர் சிரித்தார், சிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஒவ்வொண்ணும் பிரமாதம் மேடம். அதுதான் பிரச்சன. சேத்து மாட்டினா பத்துப் பேர் படத்த மாட்டின மாதிரி இருக்கும். வாசல்ல நிக்கறவன் அங்கேருந்தே 'ஓ, இது இவங்க படம்'னு சொல்லணும். தனி முத்திரை வேணும்."

"கீழ கையெழுத்துப் போட்டுடறேன்."

"கையெழுத்தக் கிட்ட வந்துதான மேடம் படிக்க முடியும்?"

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். படங்களுக்கு நடுவில் நீல மையில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. அந்த வீட்டில் அந்த நாற்காலியில் மனிதர் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. இதே பாணியில் பன்னிரண்டு நாற்காலி வேண்டும், இரண்டு மாதத்தில் சுவர் உங்களுடையது என்றார். அழைப்பிதழுக்கு என்று நாற்காலியைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

"நமக்கு உக்காற நாலு நாற்காலி இல்ல, நீ பன்னெண்டு செய்யப் போற" என்றார் கணவர்.

முதல் மூன்று நாற்காலிகள் சுலபமாக வந்தன. நாலாவதில் துணியின் மடிப்பு கொஞ்சம் யோசித்து விழுந்தது. ஏழாவது நாற்காலி ஆறாவதைப் பார்த்து வரையப்பட்டது. அடுத்தவர் பாணியைப் பிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் தன்னையே காப்பி அடிப்பது இவ்வளவு உடம்பு வலிக்கிற வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முத்திரை என்றால் அச்சு என்றும் ஒரு பொருள் உண்டு. அச்சில் வார்க்க அச்சகம் இருக்கிறது, தான் எதற்கு என்று தோன்றியது. எட்டாவதுக்குக் காகிதத்தை ஒட்டிவைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. துணி மட்டும் நாற்காலியில் ஏறிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் ஏழு நாற்காலிகளையும் சுருட்டிக்கொண்டு சட்டக்காரரிடம் போனாள். வக்கீல் இல்லை, படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். அவரோடு அவளுக்கு நெடுநாள் பழக்கம். அவளுடைய வாடிக்கைப் பதிப்பாளர் ஒருவர், புத்தகம் வெளியானதும் அட்டையின் மூலப் படத்துக்குச் சட்டம் போட்டு எழுத்தாளருக்குப் பரிசாகக் கொடுப்பார். அப்படி இருநூறு படங்களாவது இந்தக் கடை வழியாகப் போயிருக்கும்.

சட்டக்காரர் நாற்காலிகளை மேசையில் பரப்பினார். அளவெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, நல்லா இல்லயா?"

"நல்லாத்தான் இருக்கு. இது நீ வரஞ்சதாம்மா?"

"ஏன் கேக்கறீங்க?"

"முதல் ரெண்டு உன்னோடது, தெரியுது. கடைசி ரெண்டு யாரோ பாத்து வரஞ்ச மாதிரி இருக்கே."

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படிண்ணே தெரியுது? நான்தான் ஒரு படத்துக்கு ஒரு மாதிரி வரையற ஆளாச்சே. என் படம்னு கண்டுபிடிக்க முடியலன்னுதான் இந்தத் தண்டனையே."

"கண்டுபிடிக்க முடியாதா? நல்லாச் சொன்ன. பேரே போடாம கட்டாக் குடு, உன்னோடத மட்டும் கண்ண மூடிட்டுப் பிரிச்சு வைப்பேன்." அவர் முதல் நாற்காலியின் வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். "இங்க பாரு. இந்த மூலைல உனக்கு வேல முடியாது. எல்லாப் படத்துலயும். கோடு வரும், வரும், இங்க வந்ததும் நின்னுடும். வண்ணம்னாலும் அப்படித்தான். ஒரு உள்ளங்கை அளவுக்கு வெறுங்காகிதம்."

அவள் குனிந்து பார்த்தாள். நாற்காலியின் வலது கால் தரைக்கு வருமுன்பே நின்றுபோயிருந்தது. ஆறிலும் ஏழிலும் கால் ஒழுங்காகத் தரையில் ஊன்றியிருந்தது. அவை, முந்தைய நாற்காலிகளைப் பரப்பி வைத்துப் பார்க்க மேசையில் இடம் போதாமல், சமையல் மேடையில் வைத்து வரைந்தவை.

"இத்தன வருஷமா ஏண்ணே சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? உன் படம் வந்தா மட்டும், படத்தச் சுத்தி வைக்கற மவுண்ட் அட்டைய அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமா வெட்டி மறைச்சுடுவேன். நம்ம பொண்ணு, நாலு பேர் குறை சொல்லக் கூடாதுல்ல?"

இப்படியும் ஒரு நன்மை உலகத்தில் நடக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிப்பாளருக்கு வரைந்த பழைய அட்டைகளை எல்லாம் கட்டிலில் பரப்பினாள். துப்பறியும் நாவல், தோட்டக்கலை, சூரியன், சூரியன், சூரியன். ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. பதிப்பாளரின் முத்திரை அது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி தெரிந்தே அதை வைத்துக்கொண்ட துணிச்சல்காரர் அவர். "உங்க படத்துலதாம்மா எங்க ஆமைக்கு எப்பவும் இடம் இருக்கும்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதை அவள் மரியாதை என்று நினைத்திருந்தாள். அவர் இட வசதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

இருபத்தாறு வருடம் கண்ணில் படாமலா இருந்திருக்கும் என்று கேட்கலாம். தன் குறட்டையைத் தான் கேட்டவர் யார்?

மேசைக்குப் போய், எட்டாவது காகிதத்தின் மேல் வரைகிற மாதிரி கையை வைத்தாள். இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கையின் நிழல் நேராகப் போய் வலது கீழ் மூலையில் விழுந்தது. உள்ளங்கை அளவு இருட்டு. அங்கே வெள்ளையும் தெரியாது, கோடும் தெரியாது. முடிந்துவிட்டது என்று கை தானே நினைத்துக்கொள்ளும். எல்லாப் பாணியையும் அடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டவளுக்குச் சொந்தமாக இருந்தது இந்த நிழல் ஒன்றுதான். அதிலும் ஆமை குடியிருந்திருக்கிறது.

மறுநாள் நாற்காலிகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பரணில் போட்டாள். தனக்கென்று வரைந்தவற்றிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பதினொன்றைப் பொறுக்கினாள். சட்டக்காரரிடம், "அண்ணே, இந்தத் தடவ மறைக்காதீங்க" என்றாள்.

"குறை தெரியுமேம்மா."

"தெரியட்டும்."

"அப்புறம் சட்டக்காரனுக்கு வேல தெரியலம்பாங்க" என்று முனகிக்கொண்டே செய்து கொடுத்தார்.

படக்கூடத்தில் பன்னிரண்டையும் சுவரோரம் சாய்த்து வைத்ததும் மேலாளர் முகம் சுருங்கியது. "நாற்காலி எங்க மேடம்? அழைப்பிதழே அடிச்சாச்சு" என்றார். வாசலுக்குப் போய் நின்று பார்க்கச் சொன்னாள். அவர் போய் நின்றார். பன்னிரண்டு படங்களும் பன்னிரண்டு விதமாகப் பேசிக்கொண்டே வந்து, ஒரே இடத்தில் பேச்சை நிறுத்தியிருந்தன.

"மேடம்" என்றார் திரும்பி வந்து. குரல் மாறியிருந்தது. "இத வேணும்னே பண்ணினீங்களா?"

"இல்ல. என் கையோட நிழலே மறைச்சுது."

"அப்படியெல்லாம் வெளிய சொல்லாதீங்க. 'நிறைவுறாமையின் அழகியல்'னு போட்டுடலாம்."

"போட்டுக்குங்க தம்பி. சுவர் உண்டா இல்லயா?"

"உண்டு மேடம். ஆனா ஒண்ணு, இனிமே எந்தப் படம் வரஞ்சாலும் இந்த மூலை இப்படியே இருக்கணும்."

நாற்காலியிலிருந்து தப்பித்தவள் மூலையில் மாட்டிக்கொண்டாள்.

திறப்பு நாளன்று சுவரில் அவள் பெயர் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. பார்த்ததும் எழுத்து கொஞ்சம் பெரிதோ என்று தோன்றியது. வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் துணைக்கு வந்தவளிடம், "எல்லாம் ஒரே ஆள்தான்டி, பாத்தாலே தெரியுது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் இருபத்தாறு வருடம் வரையலாம் என்று கதம்பத்துக்குத் தோன்றியது. மணிக்கட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு பெரியவர் அழைப்பிதழோடு வந்தார். "நாற்காலி எங்கம்மா?"

"நானும் அதத்தாங்க தேடறேன்" என்றாள். படத்தில் ஒரு நாற்காலி இருந்தது. கூடத்தில் அதுகூட இல்லை. மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

பதிப்பாளரும் வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக நகர்ந்தார். கடைசிப் படத்தில் நின்று, வலது கீழ் மூலையை உற்றுப் பார்த்து, எதையோ தொலைத்தவர் போல் திரும்பினார்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. இந்த இடம்தான் மொட்டையா இருக்கு. ஏதோ ஒண்ணு கொறையுதே."

"உங்க ஆமைங்க."

"அட, ஆமா!" அவருக்கு உண்மையாகவே நிம்மதி வந்துவிட்டது. "இல்ல, கண்ணு பழகிடுச்சு பாரு. அப்ப இங்க என்ன வரப்போகுது?"

"என்னோட முத்திரைங்க."

பதிப்பாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னும் கிட்டே போனார். "எங்கம்மா? ஒண்ணுமே இல்லயே?"

"அதுதாங்க."

அவர் தலையை ஆட்டினார். புரிந்தவர்கள் ஆட்டுவதற்கும் புரியாதவர்கள் ஆட்டுவதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அடுத்த வாரம் ஒரு தன்னம்பிக்கை நூல் இருக்கிறது, சூரியன் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைகிறபோது கணவர் அவளை மாடிப்படிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவருக்கே கூச்சமாக இருந்தது. அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிழல் விழுந்துதான் இப்படின்னு மேலாளர் சொன்னார்" என்றார் அவர். "எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வலப்பக்கம் ஒரு விளக்குதான கேட்ட? இந்த வாரம் மாட்டிடறேன். நிஜமா. வயரெல்லாம் வாங்கிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். இருபது வருடம் காத்திருந்த வாரம், வந்தேவிட்டது.

"வேணாங்க" என்றாள். "வெளிச்சம் வந்தா நான் யாருன்னு தெரியாமப் போயிடும்."

"பின்ன இந்த வயர என்ன பண்ண?"

"நாற்காலி மேல போடுங்க."