கோட்டோரத்து எஃபி

எஃபியை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, அவள் மகள் ரோவீனா ஒரு பெஞ்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் மைதானத்துக்கு வந்தாள். அவளே வரைந்து, அவளே அறுத்து, அவளே முடுக்கியது. பாலம் கட்டுகிற பொறியாளர். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடுகிறது. முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு: எஃபி மன்றோ. மேற்கொண்டு எழுத வரவில்லை.

அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? நியூசிலாந்தின் தென்கோடிக் காற்றிலும் மழையிலும், குளிர்காலச் சனிக்கிழமை தோறும் இந்த ரக்பி மைதானத்தின் கோட்டோரம் நின்றவள். வாரநாட்களில் தபால் நிலையத்தில் வேலை. லாரி ஓட்டிய புருஷன் சின்ன வயசிலேயே செத்துப்போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் அணியின் சட்டைகள் எல்லாம் அவள் வீட்டுக் கொடியில் காயும். இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்குவாள். ஆட்டம் முடிந்ததும் கறி அடைத்துச் சுட்ட சூடான ரொட்டி முதலில் தோற்றவர்களுக்குத்தான். நடுவருக்கு வசவு. "ஏம்ப்பா, கண்ணை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்தியா?"

மைதானக் குழுத் தலைவர் முர்டோ, பழைய ஆட்டக்காரர், ஆட்டத்தில் நசுங்கி மடங்கிப்போன காதோடு வந்து பெஞ்சைத் தடவினார். தகட்டில் கை நின்றது.

"பெஞ்சு ராஜா மாதிரி இருக்கு ரோவீ. ஆனா பேரு..."

"ஏன் மாமா?"

"இங்க யார் பேரும் கெடையாதுன்னு தெரியாதா உனக்கு?"

தெரியும். முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர் ஒரு நினைவுத்தூண் வைக்கப் பார்த்தது. போர்க்களத்தை விட்டு ஓடினான் என்று சொந்தப் படையே சுட்டுக் கொன்ற உள்ளூர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மட்டும் கூடாது என்றது மேலிடம். அப்படியானால் எவன் பெயரும் வேண்டாம் என்று ஊர் தூணையே கைவிட்டது. சதுப்பு நிலத்தை வடித்துப் புல் வளர்த்து இந்த மைதானத்தை உண்டாக்கியது. பிள்ளைகள் விளையாடட்டும் என்றது. வாசலில் ஒரே வரி: திரும்பி வராத எங்கள் பையன்கள் எல்லோருக்கும்.

"அது போர்ல செத்தவங்களுக்கு மாமா. வாழ்நாள் பூரா இங்க நின்னவளுக்கு ஒரு தகடு கூடவா இல்ல?"

"கமிட்டியில கேட்டா அத்தனை பேரும் உனக்குத்தான் கை தூக்குவாங்க. அதான் எனக்குப் பயம்." முர்டோ தொப்பியைக் கழற்றினார். "உன் தம்பி டாவிஷ் டிராக்டர் கவுந்து செத்தப்ப நீ வெளிநாட்டுல படிச்சிட்டிருந்த. நாங்க புதுசாக் கட்டின உடைமாத்துற அறை வாசல்ல அவன் பேரை எழுதினோம். பெயின்ட் டின்னோட வந்து உங்கம்மாவே அழிச்சா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"யார்கிட்டயும் சொல்லல. ஏணியைப் பிடிச்சவன் நான். 'இவன் பேரு இங்க இருந்தா, சுட்டுக் கொன்னாங்களே அந்தப் பையனோட அம்மா எங்க போய் நிப்பா'ன்னா. அந்தம்மா செத்து எவ்வளவோ காலம் ஆச்சு எஃபின்னேன். 'ஏணியை ஆட்டாதடா'ன்னா."

"அழுதாளா?"

"மேல இருந்தா. நான் பாக்கல." தொப்பியை மாட்டிக்கொண்டார். "உன் பெஞ்சு, உன் இஷ்டம். தகடோட வச்சாலும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம்."

அவர் போன பிறகு ரோவீனா வெகுநேரம் ஈரப்புல்லில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பெற்ற பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் இங்கேயே வந்து ஆரஞ்சு நறுக்கியிருக்கிறாள். பிறகு எழுந்து தகட்டைக் கழற்றினாள். துளைகளை மரத்தூள் பசையால் அடைத்துத் தேய்த்தாள். பெஞ்சைக் கோட்டோரத்தில் இறக்கி நட்டாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து அதன் நடுவில் உட்கார்ந்தாள். மழை. வெளியூர் அணியின் ஆட்டம் பார்க்க வந்த ஒருத்தி சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. பெஞ்சு என்ன உங்கம்மா வீட்டுதா?"

"இல்லீங்க," என்று ரோவீனா தள்ளி உட்கார்ந்தாள்.

வந்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். தெர்மாஸ் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"உன் பையன் ஆடுறானா?"

"என் பக்கம் யாரும் ஆடல."

"அதனால என்ன, குடி. ஆறிடும்."