மாவுக்கட்டுக்காரரின் கட்டைவிரல்

தண்ணீரில் போட்ட கட்டுத்துணியிலிருந்து குமிழி வருவது நிற்கும் வரை ரத்தினவேல் யாரிடமும் பேசுவதில்லை. பிளாஸ்டிக் வாளியின் மேல் குனிந்தபடியே நிற்பார். எதிரே உடைந்த கையைத் தாங்கிக்கொண்டு ஒருவர் முனகிக்கொண்டிருப்பார். கூட வந்த மாமியார் "புத்தூருக்கே போயி நாட்டுக்கட்டு போட்டிருக்கலாம்னு அப்பவே தலையால அடிச்சிக்கிட்டேன்" என்று ஆரம்பித்திருப்பார். வாசலில் டாக்டரின் கார் வந்து நிற்கும். இவர் தலை நிமிராது. கடைசிக் குமிழி உடைந்ததும் சுருளை எடுத்து, இரண்டு முனையையும் உள்ளங்கையால் அமுக்கிப் பிழிந்துவிட்டுச் சொல்வார்: "ம், கையை நீட்டுங்க. வலிக்கும். கத்தறதுன்னா கத்துங்க, ஆட்ட மட்டும் ஆட்டாதீங்க." வலிக்காது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் உள்ள எலும்பு ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிற பத்துக்குப் பத்து அறைதான் அவருடைய ராஜ்ஜியம். ஒரு மேஜை, ஒரு குழாய், கட்டு அறுக்கிற மெஷின், அறுத்த கட்டுகளைப் போட ஒரு தகர டிரம். சுவரில் ஆள் உயரம் வரைக்கும் மாவு தெறித்து, சுண்ணாம்பு அடிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு யாரோ போனதுபோல இருக்கும். இந்த 2006-ஆம் வருஷத்தோடு அவர் இங்கே நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நின்று என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் அவர் உட்கார நாற்காலி கிடையாது. இருக்கிற ஒரே முக்காலியும் நோயாளிக்கு.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் செராமிக் கம்பெனியில் மோல்டு வார்த்தவர். பொம்மைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் மோல்டு செய்கிற அதே வெள்ளை மாவுதான் இங்கே கைக்கும் காலுக்கும். "பொம்ம அசையாது, சந்தேகம் கேக்காது. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பார். உறவுக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் அந்தக் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். வீட்டில் மனைவி பார்வதி இடியாப்பத்துக்கு மாவு பிசைந்தால் இவர் அந்தப் பக்கமே போவதில்லை. "வூட்டுலயும் மாவா?" என்று எழுந்து வெளியே போய்விடுவார். காதோரம் ஒட்டியிருக்கும் வெள்ளையைப் பார்வதி தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுகிறார்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, எலும்புகள்தான் நிற்கும். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வணக்கம் வைத்தால் ஒரு நிமிஷம் விழிப்பார். வணக்கம் வைத்தவர் நாலடி நடந்ததும், "நம்ம பக்கத்து மங்களூரு, இடது முழங்காலு, டிராக்டர்லேர்ந்து விழுந்தவரு" என்று சரியாகச் சொல்லிவிடுவார். மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இவர் பிரியாணியில் கை வைத்த நேரம், துபாயிலிருந்து வந்திருந்த ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, இலைக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்து, "அண்ணே, நீங்க போட்ட கட்டு, பாருங்க" என்று காட்டினாராம். ரத்தினவேல் பார்த்தார். தட்டியும் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.

இந்தத் தட்டிப் பார்ப்பது அவருடைய விடாத பழக்கம். கதவு, தர்பூசணி, புதுச் சுவர், எதைக் கண்டாலும் நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. காய்ந்த கட்டு ஒரு மாதிரியும், உள்ளே ஈரமான கட்டு ஒரு மாதிரியும் சத்தம் கொடுக்கும். அவர் காதை ஏமாற்றிக் காயாத கட்டோடு வீடு போனவர் யாருமில்லை.

உடம்பு பற்றி யாராவது விசாரித்துவிட்டால், "எங்க வலிக்கலன்னு கேளுங்க, சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன்" என்பார். அது வேடிக்கைப் பேச்சில்லை. கட்டு ஈரமாக இருக்கும்போதே உள்ளே எலும்பு நகராதபடி கையால் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கட்டு. இருபத்திரண்டு வருஷம் அழுத்தியதில் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிற்று. டாக்டரே படம் எடுத்துப் பார்த்து, "இதுக்கு ரெஸ்ட் குடுக்கணும் ரத்தினவேல்" என்றார். சொன்ன கையோடு, "வெளியில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, பாருங்க" என்றும் சொன்னார். போன வருஷத்திலிருந்து ரத்தினவேல் அந்த விரலை யாரையும் தொட விடுவதில்லை. பாட்டில் மூடியைப் பார்வதிதான் திறந்து கொடுக்கிறார். தெரிந்தவர்கள் கை குலுக்க வந்தால் அவசரமாகக் கும்பிட்டுவிடுவார்.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஆதிலட்சுமி வந்தார். நாற்பது வயதிருக்கும். செராமிக் கம்பெனியில் மோல்டில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை வார்ப்பவர். ஈரத் தரையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, மூன்று வாரம் முன்னால் ரத்தினவேலிடம்தான் கட்டுப் போட்டுக்கொண்டு போனார். இப்போது மறுபடி காட்ட வந்திருந்தார். ரத்தினவேல் வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினார். முகம் சுளித்தார். மறுபடியும் தட்டினார்.

அந்தச் சத்தத்தில் ஏதோ இரண்டாகப் பிளந்திருந்தது. கட்டை மூடியிருந்த முந்தானையை விலக்கச் சொன்னார். கட்டின் மேலே சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிய ரப்பர் இரண்டு இறுக்கிப் பிடித்திருந்தது. ஒன்றைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். கட்டு நீளவாக்கில் இரண்டு பாதியாக, மோல்டு திறப்பதுபோலத் திறந்துகொண்டது. ரம்பத் தகடால் அறுத்த கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு பாதியில் குமிழ், மறு பாதியில் குழி. மூடினால் இம்மி விலகாமல் பொருந்தும்படி செய்திருந்தது. வேறு ஊரில் கட்டைப் பிரிப்பவர்கள் தண்ணீரில் ஊறவைத்துப் பிய்ப்பார்கள். இப்படிப் பிரிக்க, மோல்டோடு பிழைக்கிற விருத்தாசலத்துக்காரர்களால்தான் முடியும்.

"யாரு அறுத்தது?"

"எங்க கம்பெனி மோல்டுக்காரருண்ணா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன், அவர ஒண்ணும் சொல்லாதீங்க. காலையில கழட்டி வெச்சிட்டு வேல பாப்பேன், சாயங்காலம் மாட்டிக்குவேன். பத்து நாளாதாண்ணா."

"பத்து நாளாதானா?"

"கொலு ஆர்டரு வந்துகெடக்குது. இந்த ஒரு மாசம் போவலன்னா என் மேஜையில வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் எனக்கு எடம் ஏது? வூட்டுல சம்பாதிக்கிற கை இது ஒண்ணுதான்."

ரத்தினவேலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அது அன்றைக்கு அவருடைய பதினோராவது ஆள்; கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. இரண்டு பாதியையும் மேஜையில் வைத்துவிட்டுக் குழாயடியில் கையைக் கழுவினார். தாங்களாகவே கட்டைப் பிரித்துக்கொண்டு வருபவர்களை டாக்டர் பார்ப்பதில்லை, வேறு இடம் போகச் சொல்லிவிடுவார். எலும்பு நழுவியிருந்தால் ஆபரேஷன். அதற்கும் பயந்து இந்தம்மா வீட்டுக்குப் போய்விட்டால் மணிக்கட்டு கோணலாகவே ஒட்டும். அப்புறம் பத்துக் கிலோ மோல்டை இந்தக் கை ஜென்மத்துக்கும் தூக்காது. எந்த இடத்துக்காக இதைச் செய்தாரோ, அந்த இடத்துக்கே லாயக்கில்லாமல் போய்விடும்.

எக்ஸ்ரே எடுத்து, படத்தை அவரே டாக்டரிடம் கொண்டுபோனார். "வீக்கம் வடிஞ்சி கட்டு தளர்ந்துடுச்சி சார். மாத்திடறேன்" என்றார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "லேசா நகந்திருக்குதே. இதுக்கு மேல நகந்தா கத்திதான். இன்னும் நாலு வாரம். நல்லா அழுத்திப் புடிச்சிப் போடுங்க."

திரும்பி வந்து வாளியில் சுருளைப் போட்டார். குமிழி நிற்கும் முன்பே பேசினார். அது அவர் வழக்கமில்லை.

"மழ நாள்ல ஒரு மோல்டு காய எத்தினி நாளாவும்?"

"பத்து நாளு ஆவும்ண்ணா."

"ஆறாம் நாளு எடுத்துக் கூழு ஊத்தினா?"

"ஒட்டிக்கும். பொம்ம கிழிஞ்சி வரும்."

விளக்கிச் சொல்கிற ஆளுமில்லை அவர், அதற்கு நேரமுமில்லை. பஞ்சைச் சுற்றி, ஈரச் சுருளைச் சுற்றி, விரல் தேய்ந்த பிறகு இடது கையாலேயே ஒப்பேற்றுகிறவர் அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். வலது கட்டைவிரல் கேட்கவே வேண்டாம், முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறியது. ஆதிலட்சுமி கத்தினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கட்டு இறுகத் தொடங்கியதும் இன்னொன்று செய்தார். ஈரக் கட்டில் விரல் பதியக் கூடாது, பதிந்தால் உள்ளே புண்ணாகும். அவர் தொழிலின் முதல் பாடம் அது. அதனால் வாளியின் அடியில் தங்கிய மாவைக் கொஞ்சம் வழித்து, கட்டு இறுகிய பிறகு அதன் மேல், முன்பு அறுபட்டிருந்த பக்கத்தில், வடை மாதிரி அப்பி, அதில் தன் கட்டைவிரலை வைத்துப் பதித்தார். கட்டை முன்போல இரண்டாகப் பிளக்க வேண்டுமானால் அந்த ரேகையின் நடுவேதான் அறுத்தாக வேண்டும்.

"இத அறுத்தா உங்க கையோட என் விரலயும் சேத்து அறுத்ததா ஆவும். உங்க மோல்டுக்காரருகிட்ட சொல்லுங்க" என்றார்.

ஆதிலட்சுமி அந்த ரேகையைக் குனிந்து பார்த்தார். பிறகு "போயிட்டு வரேண்ணா" என்று எழுந்து போனார். கட்டை அறுக்காமல் திரும்பி வருவார் என்று ரத்தினவேல் நம்பவில்லை. இந்த மாதிரி எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியாயிற்று. நம்பிக்கை வைத்து ஏமாறுவதும் ஒரு வேலைதான், அதற்கும் அவருக்கு இப்போது சலிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்த நாலு வாரமும், ஜங்ஷன் பக்கம் சாயங்காலம் கம்பெனி விட்டு வருகிற பெண்களின் கைகளை அவர் கண் தேடிக்கொண்டேயிருந்தது. பார்வதி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஒரு மணிக்கட்டு" என்றார்.

புரட்டாசியில் ஆதிலட்சுமி வந்தார். கட்டு முழுக்கக் களிமண் கூழ் காய்ந்து, பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாலித்தீன் காகிதம் சுற்றி, மேலே டியூப் ரப்பர் போட்டிருந்தது. கழற்றிப் பார்த்தார். ரேகை பதித்த அன்று இருந்தபடியே இருந்தது.

"எடது கையால பொம்ம ஓரத்துப் பிசிறு துடைக்கிற வேல குடுங்கன்னு ஓனரு கால்ல விழாத கொறைதான். குடுத்தாரு. என் மேஜைய வேற ஆளுக்கு விடல" என்றார்.

ரத்தினவேல் மெஷினைப் போட்டு இரண்டு பக்கமும் அறுத்து, பாதிகளை எப்போதும்போல டிரம்மில் எறிந்தார். உள்ளேயிருந்து வந்த கை சூம்பி, தோல் உரிந்து, வெளிறிப்போயிருந்தது. ஆனால் நேராக இருந்தது. கழுவித் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் நீட்டுவதுபோல இடது கையின் இரண்டு விரலை நீட்டினார். "புடிங்க."

ஆதிலட்சுமி பிடித்தார். பிடி இருக்கிறதா இல்லையா என்று ரத்தினவேலுக்குத் தெரியவில்லை. மாவில் ஊறிக் காய்ப்பு ஏறிய விரலுக்கு எது தெரியும்? இடது கையை உருவிக்கொண்டார். ஒரு கணம் தயங்கினார். பிறகு, ஒரு வருஷமாக யாருக்கும் கொடுக்காத, லேசாக அழுத்தினாலும் தெரிந்துவிடுகிற வலது கட்டைவிரலை ஆதிலட்சுமியின் உள்ளங்கைக்குள் வைத்தார்.

"இதப் புடிச்சி அழுத்துங்க."

ஆதிலட்சுமி அழுத்தினார். மோல்டைப் பிடித்துப் பழகிய கை, மெல்ல மெல்ல இறுகியது. ரத்தினவேலின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வலிக்குதாண்ணா?"

"வலிக்குதும்மா" என்றார், விரலை எடுக்காமல். "விட்டுடாதீங்க. இன்னும் அழுத்துங்க."