மேலே தூக்கினால்தான் விடும்

அவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூங்குமூஞ்சி என்றால்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போனவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடிக்கும், மோட்டார் உறுமும், லிஃப்ட் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிரேக் டமாரென்று விழும். அங்கேதான் இந்த மனுஷன் துணிமூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் குறட்டை விடுவார். கூட வேலை செய்யும் பார்ட்னர் ஒருநாள் வேண்டுமென்றே அவர் காதருகே ஸ்பானரைப் போட்டுப் பார்த்தார். இமைகூட அசையவில்லை.

அப்படிப்பட்ட ஆள், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துள்ளிக் குதிக்கிறார் என்றால் நம்புவீர்களா? ஆனால் அப்படித்தான் ஆகிப்போனது.

நடந்ததை விபத்து என்று சொல்லவே அவருக்குக் கூச்சம். கட்டி முடியும் தறுவாயில் இருந்த ஒரு கட்டடம், அதில் சரக்கு லிஃப்ட். அவர் கேபினின் கூரைமேல் நின்று, கேபின் ஏறி இறங்கும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்ட்னர் மேலே மோட்டார் அறையில். எவனோ ஒரு புண்ணியவான் சொல்லாமல் கொள்ளாமல் கேபினுக்குள் தரைக்கற்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறான். பிரேக்கும் பாவம் எவ்வளவுதான் தாங்கும்? வழுக்கியது. கேபின் இவரையும் சுமந்துகொண்டு கீழே பாய்ந்தது.

மோட்டார் அறையில் கவர்னர் என்று ஒரு சக்கரம் உண்டு. லிஃப்ட் அளவுமீறி வேகமெடுத்தால் அது தன் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கயிறு இழுபட்டதும் கேபினோடு இருக்கும் ஆப்புகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் நெரித்துப் பிடித்துவிடும். கரண்ட் வேண்டாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். அப்படிப் பிடித்த கேபினைக் கீழ்ப்பக்கம் தள்ளினால் பிடி இன்னும் இறுகும். கொஞ்சம் மேலே தூக்கினால்தான் விடும். அன்றும் அது பிடித்தது. இவர் இருட்டில் உட்கார்ந்தபடி, மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேபினைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லிப் பார்ட்னருக்குக் குரல் கொடுத்தார். குரல் நடுங்கவில்லை. வெளியே வந்து டீ குடித்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நிறைமாதமாக இருந்த மனைவியிடம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார்.

உடம்பு மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பிறந்து வீட்டுக்கு வந்த சமயத்தில் அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தூக்கம் போனது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் உதைபட்டால் தோள் இரண்டும் காதுவரை ஏறிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்தவர்போல நெஞ்சு அடித்தது. வெயில் நேரத்தில் உள்ளங்கை ஜில்லிட்டது. லிஃப்ட் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கப் போனால் கால் தானாகப் பின்வாங்கியது. கம்பெனி அவரை ஸ்டோருக்கு மாற்றியது. அங்கே ஒருவரும் அவரைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடவில்லை. மரியாதையாக 'சார்' என்றார்கள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

அறிவுரைக்கா பஞ்சம்? மனதைத் திடப்படுத்திக்கொள், நடந்ததை மறந்துவிடு, ஒன்றுமே ஆகவில்லையே, அப்புறம் என்ன பயம் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனம் திடமாகத்தான் இருந்தது. தோள்தான் பேச்சைக் கேட்கவில்லை.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பெற்ற மகளை அவர் கையில் எடுப்பதில்லை. ஒருநாள் குழந்தை அவர் கையில் இருந்தபோது காற்றில் கதவு அறைந்தது. அவருக்கு நிதானம் வந்தபோது கை காலியாக இருந்தது, குழந்தை மனைவியின் தோளில் வீறிட்டது. நழுவவிட்டுவிட்டோம், அவள் பாய்ந்து பிடித்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து கையில் கிரீஸ், தொண்டையில் கரகரப்பு, இடுப்பில் பிடிப்பு என்று நாளுக்கொரு சாக்கு. மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. சாக்குகளைக் கேட்டுப் பழகிய காது. இருந்தும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னை நம்பவில்லை என்பதால்தான் கேட்கவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் நொறுங்கிப்போனார்.

பார்ட்னர்தான் அவரை மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். சின்ன அறை, மேசைமேல் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மூளை. மருத்துவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, இவர் கண் அந்த மூளையைவிட்டு நகரவில்லை. கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மருத்துவர் அம்மாள் சிரித்துக்கொண்டே அதை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மடிப்பு மடிப்பாக இருந்த மேல்பகுதியைக் கழற்றியதும் அடியில் தண்டு ஒன்று தெரிந்தது. யோசிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் மேலே நடக்கிறது, மூச்சு, நாடித்துடிப்பு, விழிப்பு எல்லாம் இந்தத் தண்டைச் சேர்ந்தது என்றார் மருத்துவர். அதற்குள் நீலம் பாய்ந்த ஒரு கீற்று இருக்கிறதாம். இரண்டு அரிசி நீளம், அவ்வளவுதான். ஆபத்து என்றால் மூளை முழுவதையும் உசுப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு. சிலருக்கு ஆபத்து போன பிறகும் அந்த உசுப்பல் அடங்குவதில்லை. திடீர்ச் சத்தத்துக்குத் தோளைத் தூக்கிவிடும் வேலையும் இந்தத் தண்டில்தான் நடக்கிறது. அது கதவுச் சத்தம் என்று மேலே யோசிக்கும் பகுதி கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இது முழுவதும் எங்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்றும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அந்தக் கீற்றை மட்டும் வெட்டி எடுத்துவிட முடியாதா என்று இவர் கேட்டார்.

"எடுத்துட்டா ஒழுங்கா முழிச்சிருக்கவே முடியாதுங்க."

"பரவால்ல டாக்டர். எனக்குப் பழைய பேரு திரும்பக் கிடைச்சிடும்."

அன்று முதல் அவருக்குத் தன் உடம்பின்மேல் ஒரு வேடிக்கையான ஆர்வம் பிறந்தது. பழுதான மோட்டாரைக் காது வைத்துக் கேட்பதுபோலத் தன்னையே கேட்டார். குக்கர் விசில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, கழுத்து நரம்பில் விரலை வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்பார். முதலில் தோள், அப்புறம் நெஞ்சு, கடைசியாகத்தான் பயம் வருகிறது என்று கண்டுபிடித்தார். 'தோளும் நெஞ்சும் வந்து சேர்ந்தப்புறம், பயப்படறதுக்குக் கடைசி ஆளா நான் வர்றேன்' என்று பார்ட்னரிடம் சொல்லிச் சிரித்தார். மூச்சை மெல்ல நீட்டி வெளியே விட்டால் நெஞ்சடிப்பு கொஞ்சம் தணிவதையும் விரலாலேயே தெரிந்துகொண்டார். பார்ட்னரோடு போய், நிறுத்தி வைத்த லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து பார்த்தார். முதல் தடவை வியர்த்துக் கொட்டியது. பிறகு வியர்வை குறைந்தது.

மகள் விஷயத்தில் மட்டும் ஒரு அடி நகரவில்லை. ஒருநாள் மருத்துவரிடம் அதைப் போட்டு உடைத்தார். அடுத்த முறை மனைவியையும் அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். அவள் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தையைக் கீழே விட்ட கைகள் இவை, இனி இவற்றை நம்ப மாட்டேன் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க விட்டது? நீங்க விடவே இல்லயே."

அவர் நிமிர்ந்தார்.

"விட்டிருந்தாத்தான் பரவால்லயே. இறுக்கிப் பிடிச்சிட்டீங்க. நான் என் பக்கம் இழுக்க இழுக்க, இன்னும் இறுக்கினீங்க. பாப்பா தொடையில விரல் பதிஞ்சு செவந்து போச்சு. அதச் சொன்னா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு நான் பவுடர் போட்டு மறைச்சேன்."

கணவன் மனசு நோகக்கூடாது என்று அவள் வாயை மூடியிருக்கிறாள், அந்த மௌனத்தையே இவர் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு திட்டு திட்டலாம் போல இருக்கிறது.

"அப்புறம் எப்படி எடுத்த?" என்றார் அவர். அந்த நிலையிலும் மெக்கானிக் உள்ளே விழித்துக்கொண்டுவிட்டான்.

"இழுத்துப் பாத்து முடியல. அடியில கையக் குடுத்து, உங்க கையோட சேத்து மேல தூக்கினேன். அப்பதான் விட்டீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்கே தெரியாது. ஒன்றும் விளங்காமல் பார்த்த மருத்துவருக்குக் கவர்னர் கதையை அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்க வேண்டியதாயிற்று. அதிர்ந்தால் உடம்பு சுருங்கும், கை மடங்கும், அது இயல்புதான் என்றார் மருத்துவர். ஆனால் இறுக்கமும் குழந்தைக்கு ஆகாது என்பதையும் பூசி மெழுகாமல் சொன்னார். தரையில் உட்கார்ந்து, விரலால் பற்றாமல், முன்கையையும் மடியையும் தொட்டிலாக்கிப் பழகலாம், அம்மா பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

பழகினார்கள். முதலில் கொஞ்ச நேரம், அதுவும் கதவையெல்லாம் சாத்திவிட்டு. அப்படி இருந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் அவர் மடியில் தன் கால்விரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல்மாடியில் யாரோ இரும்புக் கட்டிலைத் தரையில் போட்டார்கள். வீடே அதிர்ந்தது.

அவர் தோள் காதுக்கு ஏறியது. அதே கணத்தில் மகளும் இரண்டு கைகளையும் விரித்து, விரல்களை விரித்து, அப்படியே காற்றைக் கட்டிப்பிடிப்பதுபோல மடக்கினாள். அந்தப் பிடியில் அவர் சட்டை அகப்பட்டது. அவளுக்கும் உள்ளே ஒரு தண்டு, அதிலும் ஒரு நீலக் கீற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கிணற்றுக்குள்ளும் விழாத குழந்தை இப்படி அதிர்கிறதே என்று வியந்துபோய்ப் பார்த்தார். அவள் உதடு பிதுங்கியது. அழலாமா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. மூச்சை மெல்ல நீட்டி விட்டார். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, குழந்தையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இரு, இப்ப எடுக்காத," என்றார். "இவளுக்கு முதல்ல படபடப்பு அடங்கட்டும்."