பூட்டின ஃப்ரிட்ஜும் ஏறின கோடும்

அந்த மருத்துவமனையில் அவளை ஃப்ரிட்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டுகிறவள். மக்கர் பண்ணுகிற ஃப்ரிட்ஜுக்கும் சரி, மக்கர் பண்ணுகிற அதிகாரிக்கும் சரி, பயந்த பிறவி கிடையாது. நாற்பத்தைந்து வயதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பைத்தான் எழுதக் கற்றுக்கொண்டாள். "இந்த வயசுல எதுக்குக்கா?" என்று கேட்டால், "உனக்கு எங்க வலிக்குது?" என்பாள்.

தடுப்பூசி ஃப்ரிட்ஜில் மூன்று பெட்டி மருந்து வீணாய்ப் போனது. பழி, மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அவளுடைய அண்ணியின் தலையில் விழுந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டாளாம். கண்காணிப்பாளர் காலி ஃப்ரிட்ஜை ஓடவிட்டுப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை; அதோடு அண்ணிக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். இது என்ன அநியாயம்! அண்ணி கதவைச் சாத்திவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம்.

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பமானியின் ஒயர் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜ் அக்கா அதைத் தன் பழைய லேப்டாப்பில் மாட்டினாள். நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துவைத்து, வரைபடம் போடும் சர்வருக்கு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினாள். சர்வர் கம்ப்யூட்டர் அறையில் ஓடியது. அதன் வலைப்பக்கத்தைப் பிரவுசரில் யார் திறந்தாலும் கோடு தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணி. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரியம்மா வந்து உட்கார்ந்துவிட்டார், எதிரே அண்ணி நிற்கிறாள். கூட்ட அறைச் சுவர்த் திரையில் அந்த வலைப்பக்கம் திறந்திருக்கிறது, கோட்டைத்தான் காணோம். கண்காணிப்பாளர் சிரித்தார்.

"ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்துக் கிடங்கில் ஃப்ரிட்ஜோடு மாட்டியிருந்த லேப்டாப்பைப் போய்ப் பார்த்தாள். அதில் கோடு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அட கூறுகெட்டவளே! முதலில் லேப்டாப்பிலேயே ஒரு சர்வரை ஓட்டிச் சோதித்தவள், புரோகிராமில் அந்த முகவரியை மாற்ற மறந்திருக்கிறாள். புரோகிராம் கணக்கை வெளியே எங்கும் அனுப்பாமல், லேப்டாப்புக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர் அறை சர்வரின் முகவரியை அடித்து, மறுபடி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். லேப்டாப்பில் குறித்துவைத்த ஆறு நாளும் மொத்தமாகச் சுவரில் வந்து நின்றன.

கோடு நாலு டிகிரியில் போய்க்கொண்டிருந்தது. எட்டைத் தாண்டினாலே மருந்து கெடும்; அதுவோ தினமும் பன்னிரண்டு மணிக்குமேல் ஏறி, பதினொரு டிகிரியைத் தொட்டு, சாயங்காலம் இறங்கியது. இன்றைய கோடும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"எங்க அண்ணி எப்ப சார் கதவைத் திறந்தாங்க? சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

அவள் அதிகாரியம்மா பக்கம் திரும்பினாள்.

"சார் ரூம் ஏசியை ஃப்ரிட்ஜ் லைன்லயே கோத்திருக்காங்கம்மா. மத்தியானம் ஏசி ஓடுனா கம்ப்ரஸருக்குக் கரண்ட் பத்தாது. மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

"முதல்ல உன் லேப்டாப்ல மாட்டின அந்த ஒயரைப் பிடுங்கு," என்றார் கண்காணிப்பாளர்.

"நீங்களே பிடுங்குங்க சார். பிடுங்குன நிமிஷத்துல கோடு நிக்கும். அதையும் அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அதிகாரியம்மா அண்ணியைப் பார்த்து, "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க," என்றார். அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஃப்ரிட்ஜ் அக்கா பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைப் பக்கம் நடந்தாள்.

"யாரைக் கேட்டு அங்க போற?" என்றார் அவர்.

"ஏசியைக் கழட்டப் போறேன் சார். நாலாவது தடவை எழுதிக் குடுக்க மாட்டேன்."