பதிவு செய்யப்பட்ட ஒப்பாரி

என் தம்பி குரங்கணிப் பாதையில் ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்போடு உருண்டு செத்த அன்று, அம்மா மாரில் அடித்துக்கொண்டு பாடிய ஒப்பாரியை ஒருவர் டேப்ரிக்கார்டரில் பிடித்தார். தூரத்துச் சொந்தக்காரர் கூட்டி வந்த ஆள். எண்பதுகளின் தொடக்கம், போடியில் அந்தப் பெட்டியே அப்போது அதிசயம். ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்து நானே அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

மறுவருஷம் தேவாரத்தில் ஒரு கேத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். வாசலில் கட்டியிருந்த ரேடியோ செட்டின் குழாயில் யாரோ ஒருத்தி அழகான குரலில் அழுதுகொண்டிருந்தாள்.

"மீனுக் கொழம்பு கூட்டி வச்சேன்
மலையெறங்கி வருவேன்னு..."

அம்மா பாடிய அதே அடி. செத்த அன்று காலையில் தம்பி மீன் குழம்பு கேட்டுவிட்டுத்தான் மலை ஏறினான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செட்டுக்காரரிடம் கேசட்டை வாங்கிப் பார்த்தேன். பாட்டை எழுதியவர் என்று யாரோ ஒருவர் பெயர், பாடியவர் என்று இன்னொரு பெயர். கீழே, அனுமதியின்றிப் பிரதி எடுத்தால் சட்டப்படி நடவடிக்கையாம். திருடியவனே பூட்டும் போட்டு வைத்திருந்தான்.

"எம்புள்ளைக்கு அழுதத ஊரான் வீட்டுப் பொணத்துக்குப் போடக்கூடாது. அம்புட்டுத்தேன்" என்றாள் அம்மா. அதற்காகத்தான் வக்கீலிடம் போனோம்.

நல்ல மனிதர். வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஆபீஸ். உள்ளே அவர் மனைவி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பாட்டை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறோமா என்று வக்கீல் கேட்டார். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது.

"சரிம்மா, முழுசா ஒருக்கா பாடுங்க. கேசட்டுல இல்லாத அடி ஏதாச்சும் வந்தா, அத வச்சு பாட்டு உங்களுதுதான்னு நோட்டீசு விட்டுப் பாப்போம்."

அம்மா உள்ளே சோறு தின்னும் பிள்ளையைப் பார்த்தாள். சாவு விழாத வீட்டில் எங்கள் பெண்கள் ஒப்பாரி பாட மாட்டார்கள். பாடினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று நம்பிக்கை.

"புள்ள இருக்குற வீடுய்யா இது. மாட்டேன்."

"கோர்ட்டுல கேட்டா பாடித்தானம்மா ஆகணும்?"

"அங்கயும் உசுரோட ஆளுக உக்காந்திருப்பாகள்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கிவிடலாம் போலிருந்தது. உன் பிள்ளையின் பாட்டை எடுத்தவனுக்கு இந்தப் பயமெல்லாம் இருந்ததா என்று பஸ்சில் கத்தினேன். அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழக்கு அத்தோடு முடிந்தது.

சில வருஷம் கழித்து அப்பா போனார். இனி எங்கள் வீட்டிலேயே அம்மா பாடலாம். தலைமாட்டில் உட்கார்ந்தாள், மகனுக்குப் பாடியதிலிருந்தே புருஷனுக்கும் தொடங்கினாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, நல்ல மனசோடுதான் சொன்னாள்:

"கேசட்டுல வர்ற மாதிரியே பாடுறியே, ஆத்தா!"

அம்மா பாதியில் நிறுத்தினாள். எவ்வளவு கெஞ்சியும் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சாவு வீடு இப்படி ஊமையாகக் கிடக்கலாமா என்று, எங்கள் வாசலில் ரேடியோ செட் கட்டியிருந்தவர் அந்தக் கேசட்டையே போட்டார். அம்மா தடுக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடை எடுக்கும்வரை, கேசட்டில் பாடிய அந்த முகம் தெரியாத பெண்தான் என் அப்பாவுக்கு அழுதாள்.