மஞ்சள் காருக்குப் பின்னால்

வடையில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. புத்தூரில் ஒரு ஹோட்டலில், எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தார் எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்து காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் வடை வந்துவிட்டது, தமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று தெலுங்கில் சண்டை பிடித்தார். வடை அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் தனித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் கார்க்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அந்தத் தட்டை அவர் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். வடை வாசனையை வைத்தே அது எந்த ஹோட்டல் என்று சொல்லக்கூடிய மனிதர் என் கணவர். அதற்குப் பிறகு எனக்கு இட்லி இறங்கவில்லை.

நாங்கள் சித்தூர்க்காரர்கள். பழைய மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதே சபையில் கல்யாணமும் செய்துகொண்டவர்கள். நான் பள்ளி ஆசிரியை. அவர் மாம்பழக் கூழ் ஆலையில் மேலாளர். மகன் வேலை கிடைத்து வெளியூர் போன வருடம், வீட்டில் கலந்து பேசாமல், பெங்களூரிலிருந்து ஒரு பழைய நீல நிறக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். சேலை கட்டிக்கொண்டு அதில் உட்காரவாவது முடியும். எழுந்திருக்கக் கைகொடுக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் தெருவில் அதைத் திருப்பவும் முடியாது, ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சங்கத்து நண்பர்கள் பிள்ளையார் கோயில் முன் நிறுத்தி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மறுநாள் எங்கள் சபைப் போதகரான ஐயர் பானெட்டின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். இரண்டுக்கும் என் கணவர் ஒரே பக்தியோடு தலைகுனிந்து நின்றார்.

சங்கத்தில் சித்தூர்க்காரர்களும் திருப்பதிக்காரர்களும் சரிபாதி. கிரானைட் வியாபாரி, பல் டாக்டர், லாட்ஜ் முதலாளி என்று ஆளுக்கொரு தொழில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைபாஸ் பெட்ரோல் பங்கில் கூடுவோம். ஆராதனை போகிறதே என்று நான் முணுமுணுத்தால், "கர்த்தர் கார்வேட்டி நகரத்துலயும் இருக்காரு" என்பார் அவர். பிறகு ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்புவோம். பார்க்கிறவர்கள் நாங்கள் பறக்கப் போகிறோம் என்று நினைப்பார்கள். உண்மையில் எங்களைப்போல ஊர்ந்து போகிறவர்கள் இந்த ஜில்லாவில் இல்லை. எல்லாம் வேகத்தடைகளால்தான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்கள் இஷ்டத்துக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள். பாதிக்கு வெள்ளைக் கோடு கிடையாது. தரையை ஒட்டிப் போகிற இந்தக் கார்கள் அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டால் அடுத்த வேலை மெக்கானிக்குக்குத்தான்.

அதனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிற காரில் இடப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேகத்தடையைக் கண்டதும் கையை வெளியே நீட்டித் தூக்குவார். அதைப் பார்த்து அடுத்த காரிலிருப்பவர் தூக்குவார். கை அப்படியே கடைசிக் கார்வரை போகும். எல்லாரும் வேகம் குறைத்து, காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவோம். இடப் பக்கம் உட்காருவது பெரும்பாலும் மனைவிகள்தான். சுற்றுலா என்று கூட்டிக்கொண்டு போய்க் கை தூக்க வைத்துவிட்டார்களே என்று நாங்கள் கிண்டல் செய்துகொள்வோம். எங்களுக்கு முன்னால் எப்போதும் மஞ்சள் கார்தான் போகும். அந்த அம்மாவின் கை நிறையப் பச்சை வளையல் இருக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் என் கையைத் தூக்குவேன்.

வடைக்குப் பிறகு நான் வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். வலப் பக்கம் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிட்டார். செருப்பைக் கண்ணால் தேடாமல் காலால் தேடினார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டினார். பொழுது சாய்ந்தால் காரைத் தொடுவதில்லை. கேட்டதற்கு, "பவர் மாறிக்கினு வருது, அவ்ளோதான். கண்ணாடி மாத்தினா சரியாப்பூடும்" என்றார். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். ஏற்கெனவே போய்ப் பார்த்தாயிற்று என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரையும் தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் படித்தார்.

இந்த நிலையில்தான் சங்கத்தில் ராலி அறிவித்தார்கள். சித்தூரிலிருந்து கார்வேட்டி நகரம், புத்தூர் வழியாகக் காளஹஸ்தி வரை. இந்த ராலியில் வேகமாகப் போகிறவருக்குப் பரிசு இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருகிறவருக்குத்தான் பரிசு. அதனால் கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். முன்னால் யாரும் தெரியமாட்டார்கள். வேண்டாம் என்றேன். பெயர் கொடுத்தாயிற்று என்றார். அப்படியானால் நான் வரவில்லை என்றேன். வழி படித்துச் சொல்ல ஆலையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொள்கிறேன் என்றார். யார் பெற்ற பிள்ளையையோ அந்த இருக்கையில் உட்கார வைப்பதற்கு நானே உட்காரலாம், கத்தவாவது கத்தலாம் என்று ஒப்புக்கொண்டேன். ராலிக்கு முந்தின ஞாயிறு ஐயர் எங்கள் பிரயாணத்துக்காக ஜெபித்தபோது, கண்ணுக்காகவும் ஜெபியுங்கள் என்று வாய்வரை வந்தது. என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

ராலியன்று பங்கில் கொடியசைத்து அனுப்பினார்கள். மஞ்சள் கார் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. நான் வழித்தாளை மடியில் விரித்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊர் எல்லை தாண்டும்வரை எதிரே வந்த ஒவ்வொரு ஆட்டோவுக்கும் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. ஊர் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் மஞ்சள் கார் நின்றிருந்தது. பஞ்சர் போல என்று நினைத்தேன். எங்களைக் கண்டதும் அது கிளம்பி எங்களுக்கு முன்னால் போக ஆரம்பித்தது. இப்படி நின்றால் அவர்களுடைய நேரக் கணக்கெல்லாம் பாழாயிற்றே என்றேன். என் கணவர் அதுவரை விறைத்திருந்த தோள் தளர்ந்து, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தத் தளர்ச்சியைக் கண்டதும்தான் எனக்குப் பயம் இரண்டு மடங்கானது.

அதன் பிறகு நான் வழித்தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். வளையல் கை உயர்ந்தால் பிரேக் போட்டார். இறங்கினால் விட்டார். மஞ்சள் கார் திரும்பினால் திரும்பினார். சாலையை அவர் பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர் எதிரே ஒரு மஞ்சள் நிறமும், அதிலிருந்து நீளும் ஒரு கையும்தான். இத்தனை மாதமாக எங்களை ஏன் எப்போதும் அதே காருக்குப் பின்னால் நிறுத்தினார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதைச் சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கார்வேட்டி நகரம் தாண்டி ஒரு சின்ன ஊர். மஞ்சள் கார் கடந்து போய்விட்டது. வலப் பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார். என் கணவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அவர் பிரேக்கை அழுத்தியதில் எஞ்சின் அணைந்து, புல்லுக்கட்டு பானெட்டை உரசுகிற தூரத்தில் கார் நின்றது. சைக்கிள்காரர் தெலுங்கில், கண் தெரியவில்லையா என்று கேட்டார். சாலையில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டுத் தம் பாட்டுக்குப் போய்விட்டார்.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக, "அவங்க கையே தூக்கலியே" என்றார்.

வேகத்தடைக்குத்தான் கை தூக்குவார்கள். மனிதருக்கு யாரும் தூக்குவதில்லை.

இறங்குங்கள் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். அதற்குள் மஞ்சள் கார் எங்களைக் காணாமல் திரும்பி வந்தது. அந்த அம்மா ஓட்டமாக ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். போன மாம்பழ சீசனிலிருந்து என்றார். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"வதினா, அன்னதான் உங்ககிட்ட செப்பொத்துன்னாரு" என்றார். வதினா என்றால் அண்ணி; அண்ணன், அதாவது என் கணவர்தான், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாராம். காரும் போய்விட்டால் ஆள் உடைந்துபோய்விடுவார், முன்னால் ஒருவர் போனால் சமாளித்துக்கொள்வார் என்று இவர்களே கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் முகதாட்சண்யமெல்லாம் பார்க்கவில்லை. "பாசம்னு சொல்லிக்கினு அந்த சைக்கிள்காரன சாவடிச்சிருப்பீங்க" என்றேன். அவர் அழுதார். மஞ்சள் கார்க்காரர் அங்கேயே நின்று புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து எனக்கும் அழுகை வந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி தூரத்தை நான் ஓட்டினேன். பள்ளிக்குப் போக எங்கள் சின்ன வண்டியை ஓட்டுகிறவள்தான், ஆனால் இந்தக் காரின் கிளட்சை மிதிக்க எனக்கு ஒரு காலும் ஒரு கோபமும் தேவைப்பட்டன. அவர் இடப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புத்தூர் தாண்டியதும், "எங்கிட்ட சொல்லிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ சாவிய வாங்கி வெச்சிக்குவ" என்றார்.

வாங்கி வைத்திருப்பேன்தான். காளஹஸ்திக்குக் கடைசியாக நாங்கள்தான் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே வேலூர் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். என் கணவர் முன்பே கேட்ட பாடத்தைப் போலத் தலையாட்டினார். வெளியே வந்து சாவியை என்னிடம் கொடுத்தார். காரை விற்றுவிடலாமா என்று அவரே கேட்டார். விற்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும் என்றேன். எனக்கே என் பதில் ஆச்சரியமாக இருந்தது.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சங்கத்தில் என்னளவு மெதுவாக ஓட்டுகிறவர் இல்லை என்பதால், எல்லாரும் பிரியாமல் வரட்டும் என்று என்னை முன்னால் விட்டுவிட்டார்கள். கை தூக்குகிற வேலை அவருடையது. முன்னால் பார்க்க மஞ்சள் கார் இல்லை, ஆனாலும் தவறமாட்டார். சித்தூரிலிருந்து புத்தூர்வரை எந்தப் புளியமரத்துக்குப் பிறகு வேகத்தடை, எந்தக் கோயில் வளைவுக்கு முன்னால் வேகத்தடை என்பது அவருக்கு மனப்பாடம். பின்னால் வருகிறவர்கள் அந்தக் கையை நம்பித்தான் வருகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் திக்கென்றுதான் இருக்கும்.

போன ஞாயிறு கார்வேட்டி நகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரில் புதிதாக ஒன்று போட்டிருந்தார்கள். அவர் கை மடியிலேயே இருந்தது. நான் வேகத்தைக் குறைத்து, என் வலது கையை வெளியே நீட்டித் தூக்கினேன். கார் ஏறி இறங்கியபோது அவர் உடம்பு அதிர்ந்தது.

"இது எப்ப போட்டாங்க?"

"போன வாரம் பஸ்ல வரும்போதே பாத்தேன்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை.

அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பாலம் தாண்டினதும் இன்னொன்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். பாலத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அவர் அப்போதே கையைத் தூக்கிவிட்டார். பாலம் வந்து, தாண்டி, வேகத்தடையின் மேல் கார் ஏறும்வரை அதை இறக்கவே இல்லை. பின்னால் வந்த கார்கள் எல்லாம் அவ்வளவு தூரமும் மெதுவாக வந்தன. நானும் மெதுவாகவே ஓட்டினேன்.