ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

ஐஸைப் பற்றிப் பிலோமினாவுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாகத் திரேஸ்புரம் கரையில் ஏலம் கேட்டு மீன் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பஸ் ஏறிப்போய்ப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டைத் தெருக்களில் விற்கிறவள் அவள். சாளைக்கு எவ்வளவு ஐஸ், சீலாவுக்கு எவ்வளவு ஐஸ் என்று கை தானாக அள்ளும். அதன் மேல் கல்லுப்பை ஒரு கை தூவிவிட்டால் குளிர் இரண்டு மடங்கு கடிக்கும் என்பது கரையில் கற்ற வித்தை. மத்தியானம் ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தாலும் மீன் கண் கலங்கியிருக்காது. பிலோமி பெட்டி நாறாது என்று புதுக்கோட்டையில் ஒரு பேச்சே உண்டு. அது அவள் காதிலும் விழுந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விற்பவளின் மீனை மோந்து பார்த்து, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே முகத்தைச் சுளிப்பாள்.

புருஷன் ஆன்டனி தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவன். போனால் வர ஒரு மாதம் ஆகும், நடுக்கடலில் போனும் எடுக்காது. வீட்டில் இருப்பது பிலோமினாவும் அவள் ஒரே மகள் ஜெமியும்தான்.

ஜெமிக்குப் பத்து வயதில் அந்த நோய் வந்தது. பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். எப்போதோ விட்டுவிட்ட பழக்கம் திரும்பி, பாயை நனைக்கத் தொடங்கினாள். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்தியது. பூச்சி மருந்து கொடு என்றார்கள், கண்ணேறு கழி என்றார்கள். பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்பார்களே, அப்படி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டைப் ஒன் சுகர் என்றார் டாக்டர். சுகர் கிழடுகட்டைகளுக்கு வருவது என்றுதான் பிலோமினா அதுவரை நினைத்திருந்தாள்.

அங்கே ஜெபசுதா என்று நாசரேத் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பொறுமைசாலி. சாப்பாட்டை உடம்புக்குப் பலமாக மாற்றுகிற இன்சுலின் என்ற சுரப்பு ஜெமியின் வயிற்றில் நின்றுபோய்விட்டது, அதை உடம்பே அழித்துவிட்டது, இனி ஆயுசுக்கும் ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் ஊசி. சுகர் திடீரென்று இறங்கி வேர்த்து நடுங்கினால் உடனே வாயில் ஒரு மிட்டாய். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், ஆனால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டுகிற இடத்தில் வைக்கக்கூடாது என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் விட ஒன்றை அழுத்திச் சொன்னாள். இது இனிப்பு தின்று வந்த நோய் இல்லை, தாய் செய்த தப்பும் இல்லை, பிள்ளை செய்த தப்பும் இல்லை.

பிலோமினா கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் ஊசி குத்தவும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்க்கவும் படித்துக்கொண்டாள். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் அவள் மனசில் ஒட்டவே இல்லை. எப்படி ஒட்டும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சின்னப் பிள்ளைக்குச் சுகரா என்று கேட்காத ஆள் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோது என்னத்தையடி தின்றாய் என்று நாத்தனார் விஜிலா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்த மாசங்களில் ஆன்டனி வாங்கி வந்த மக்ரூன் இனிப்பைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்றது பிலோமினாவுக்குத்தானே தெரியும். வெளியே சொல்லவில்லை. உள்ளே அது முள்ளாய்க் கிடந்தது.

ஆனாலும் இரண்டு வருஷம் நன்றாகவே போனது. ஜெமி தேறினாள், ஏழாம் வகுப்புக்கு வந்தாள், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்து ஒரு டிபன் பாக்ஸ்கூட வாங்கினாள்.

பிறகு ஐப்பசி மழையில் ஒரு இடி இடித்ததில் ஃபிரிட்ஜ் போய்விட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாமான் மதுரையிலிருந்து வரவேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான். மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சின்னக் கலயம் வைத்து, கலயத்தில் மருந்தை வைக்கலாம் என்று ஜெபசுதா முன்பு சொல்லிக்கொடுத்தது பிலோமினாவுக்கு நினைவில் இருந்தது. ஆனால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பானைத் தண்ணீரை நம்பிப் பிள்ளையின் உயிர் மருந்தை வைப்பார்களா? ஐஸில் வைத்த எது கெட்டுப்போனது, சொல்லுங்கள் பார்ப்போம். புதுப் பெட்டி ஒன்றை மூன்று தரம் கழுவிக் காயவைத்தாள். தினமும் காலையில் மீனுக்கு வாங்குகிற ஐஸில் முதல் அள்ளை அந்தப் பெட்டிக்குத்தான் போட்டாள். இரண்டு மருந்துக் குப்பிகளையும் பாலித்தீன் உறையில் சுற்றி நடுவில் புதைத்து, மேலே கல்லுப்பைத் தூவி மூடினாள். மறுநாள் எடுத்தபோது குப்பி கல்லாய் இறுகியிருந்தது. அவளுக்கு மகா திருப்தி. உள்ளங்கைக்குள் வைத்து இளக்கினாள். பால் போல இருக்கும் மருந்தில் வெள்ளை வெள்ளையாய்த் துகள் மிதந்தது. அடியில் படிந்தது எழும்பியிருக்கும் என்று நன்றாகக் குலுக்கிவிட்டுப் போட்டாள்.

மூன்றாம் நாள் மீட்டர் இருநூற்று எண்பது காட்டியது. நாலாம் நாள் முந்நூற்று அறுபது.

ஏதாவது தின்றாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஜெமி. அரிசியைக் குறைத்தாள், இட்லியை எண்ணி வைத்தாள், மீட்டர் இறங்கவில்லை. ஜெமி மறுபடி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள்.  இரண்டு வருஷத்துக்கு முந்திய பிள்ளை திரும்பி வந்து பானையடியில் நிற்கிறாளே! மருந்து சரியாகப் போகிறது, சோறு அளவாகப் போகிறது, அப்படியானால் பிள்ளை திருடித் தின்கிறாள். வேறு என்ன நினைப்பாள் ஒரு தாய்? ஜெபசுதாவின் நம்பர் போனில் இருந்தது. இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். என் பிள்ளை திருட்டுத்தீனி தின்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

தெருமுனையில் செல்வதுரை அண்ணாச்சி கடை. அங்கே போய், என் மகளுக்கு இனிப்பு விற்கிறீர்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துபோயிற்று. உன் மகள் இந்தப் படி மிதித்து இரண்டு வருஷம் ஆச்சு, வேணுமானால் கோவிலில் வந்து சொல்கிறேன் என்றார். யாவாரி வார்த்தையை யாவாரிக்காரியே நம்புவாளா? வீட்டுக்கு வந்து ஜெமியின் பையைக் கவிழ்த்தாள். பென்சில் டப்பாவுக்குள் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தது. எப்போதோ ஓடும்போது சுகர் இறங்கி, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளை வாயில் போட்ட மிட்டாயின் தாள் அது. ஜெமியும் அதைத்தான் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிலோமினா முதல் தடவையாக மகளைக் கை நீட்டி அடித்தாள்.

அப்புறம் காலையும் மாலையும் இதே விசாரணைதான். தின்றாயா, யார் தந்தது, எங்கே வைத்துத் தின்றாய். ஜெமி இல்லை என்பாள். இவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்பாள், நீ செத்துப்போனால் உன் அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பாள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

ஆறாம் நாள் காலையில் ஜெமியை இழுத்துப்போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள். மெழுகுதிரி ஏற்றினாள்.

"மாதா மொகத்தப் பாத்துச் சொல்லுளா. தின்னியா, திங்கலியா?"

ஜெமி மாதாவைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"தின்னேன்."

"என்னத்த?"

"கேக்கு. அனிஷா தந்தா."

"எத்தன நாளா?"

"தெனமும்."

பிலோமினா நேரே அனிஷா வீட்டுக்குப் போனாள். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அவள் தாயைக் கிழி கிழியென்று கிழித்தாள். அந்தப் பிள்ளை அனிஷா, தான் எதையும் கொடுக்கவில்லை என்று ஏங்கி ஏங்கி அழுததை இவள் சட்டை பண்ணவில்லை. ஜெமிக்கு இருந்த ஒரே கூட்டாளி அன்றோடு போனாள். ஆனால் திரும்பி வரும்போது பிலோமினாவின் நெஞ்சில் பாரம் இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் கோபத்தோடு கோபமாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. திருடி பிடிபட்டாள், இனி காவல் போட்டால் தீர்ந்தது.

அன்றும் மறுநாளும் அவள் மீனுக்குப் போகவில்லை. ஜெமியைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை, கண்ணெதிரே உட்கார்த்தி வைத்துக் கஞ்சி மட்டும் கொடுத்தாள். ஐஸுக்கு மட்டும் கரைக்கு ஓடிப்போய் ஓடிவந்தாள். மீட்டர் ஏறிக்கொண்டே போனது. பாயைத் தூக்கிப் பார்த்தாள், அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. எட்டாம் நாள் காலையில் ஜெமி குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சு நாய் இளைப்பது போல வாங்கியது. வாயில் அழுகின பழத்தின் வாடை. மீட்டரின் அளவையும் தாண்டிப்போய், எண்ணுக்குப் பதில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. ஆட்டோ பிடித்தாள். மருந்துப் பெட்டியையும் மறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ரத்தம் முழுக்க அமிலமாகிவிட்டது, இன்னும் அரை நாள் கழித்து வந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிலோமினா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். மகளின் இரண்டு கையிலும் ஊசி. கால் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. மீன் அறுக்கிற, பெட்டி தூக்குகிற, எட்டு ஊரோடு சண்டை போடுகிற பிலோமினாவால் அங்கே செய்யக்கூடிய காரியம் ஒன்றுகூட இல்லை.

ஜெபசுதா வெளியே வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே, கேக் தின்றுவிட்டாள், பிள்ளையே ஒத்துக்கொண்டாள் என்றாள் பிலோமினா. ஜெபசுதா மருந்தைக் கேட்டாள். பிலோமினா பெட்டியைத் திறந்து ஐஸுக்குள் கையை விட்டுக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாளும் ஐஸ் குறைய விட்டதில்லை என்று சொல்லவும் செய்தாள். ஜெபசுதா குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஒறஞ்சு போச்சாக்கா இது?"

"கல்லு மாதிரி இருக்கும். கைக்குள்ள வச்சு எளக்கித்தான் போடுவேன்."

ஜெபசுதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இன்சுலின் ஒரு தடவை உறைந்தால் செத்துப்போகும் என்று மெதுவாகச் சொன்னாள். இளகினாலும் அதற்கு உயிர் வராது. எட்டு நாளாகப் பிள்ளை உடம்பில் ஏறியது பச்சைத் தண்ணீர். பிலோமினா சண்டைக்குப் போனாள். ஐஸ் வைத்தால் எப்படிக் கெடும், இந்தக் கையால் எத்தனை வருஷம் ஐஸ் போட்டிருக்கிறேன், நீங்கள் மேல்தட்டில் வைக்காதே என்றுதானே சொன்னீர்கள், ஐஸில் வைக்காதே என்றா சொன்னீர்கள்? அவள்தான் தின்றேன் என்று மாதா முன்னால் சொன்னாளே!

"கேக்கு தின்னிருந்தாலும் மருந்து வேல செஞ்சா பிள்ள இந்த நெலமைக்கு வராதுக்கா," என்றாள் ஜெபசுதா. "இந்த மருந்துக்கு, கஞ்சி குடிச்சாலும் இப்படித்தான் ஆயிருக்கும்."

 பிலோமினா குப்பியைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பதினைந்து ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளை வயிற்றைக் காட்டினாள், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. குத்தி முடித்த கையோடு, தின்றாயா என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. யாரிடம் போய் அழுவாள்? ஆன்டனிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ஜெமியைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். முகத்தில் களை வந்திருந்தது. இட்லி வேண்டும் என்றாள். புது மருந்து போட்டு, இட்லி கொடுத்து, வாய் துடைத்துவிட்ட பிறகும் பிலோமினாவால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மருந்து கெட்டுப்போன விஷயத்தை மகளிடம் சொன்னாள். தன் மேல்தான் தப்பு என்று சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஏளா, நீ ஒண்ணும் திங்கலதான?"

"திங்கலம்மா."

"அப்பம் எதுக்குளா மாதா முன்னால தின்னேன்னு சொன்ன?"

ஜெமி விரல் நுனிகளில் இருந்த ஊசித் தழும்புகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"திங்கலன்னு சொன்ன நாளு பூரா நீ சோறே திங்கலம்மா. அழுதுகிட்டே கெடந்த. அன்னைக்கு நான் தின்னேன்னு சொன்ன பொறவுதான் சட்டியில போட்டுச் சாப்பிட்ட. ரெண்டு தடவ ஊத்தித் தின்ன."

பிலோமினா யோசித்துப் பார்த்தாள். ஆமாம், சாப்பிட்டிருந்தாள். அனிஷா வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து, பழைய மீன்குழம்பை ஊற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். பிள்ளை எதிரே கஞ்சித் தட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அவளுக்கு அழுகை அடங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெமி பயந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அழாதம்மா. வேணும்னா தின்னேன்னே சொல்லுதேன்."